கூத்தாண்டவர் சாகாத வருஷம்

எங்கள் ஆவாரங்குப்பத்தில் கூத்தாண்டவர் சாகாமல் போன வருஷத்தைப் பற்றிக் கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், மழை பிந்தியது என்பார் ஒருவர், இல்லை முந்தியது என்பார் இன்னொருவர், ஆனால் எல்லாம் ஒரு பொம்பளையின் கைப்பழக்கத்தால் வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பொம்பளை பச்சையம்மாள். திருவிழாக் காலத்தில் கோயில் வாசலில் வளையலும் மஞ்சள் கயிறும் விற்பவள், மற்ற நாட்களில் சொந்தக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுபவள், வாயை மூடிக்கொண்டு ஒரு நாழிகை உட்காரச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு. கூடப்பிறந்த தம்பிகள் அத்தனை பேர் கல்யாணத்திலும் மணப்பெண்ணின் பின்னால் நின்று நாத்தனார் முடிச்சு போட்ட கை அவள் கை.

அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தாலிக் கயிற்றில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மூன்றாவதை அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவாள், அது விழுந்தால்தான் வந்த பெண் அந்த வீட்டுக்காரி. கூத்தாண்டவருக்கு மட்டும் அது கிடையாது. பாரதப் போரில் தன் பக்கம் ஜெயிப்பதற்காகக் கழுத்தைக் கொடுக்கச் சம்மதித்தவர் அவர், சாவதற்கு முன்னால் ஒரு கல்யாணம் வேண்டும் என்று கேட்டவர், விடிந்தால் சாகப் போகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ஊர் உலகமெல்லாம் கைவிரித்தபோது கிருஷ்ணனே பெண்ணாகி வந்து கழுத்தை நீட்டினார். அந்தக் கிருஷ்ணனின் வழி நாங்கள் என்று சொல்லிக்கொண்டு வருஷா வருஷம் சித்திரையில் திருநங்கைகள் எங்கள் ஊருக்கு வருவார்கள், பட்டுக் கட்டி, பூ வைத்து, பொழுது சாயும் நேரத்தில் பூசாரி தணிகாசலத்தின் முன்னால் குனிவார்கள், சாமிக்குப் பதிலாக அவர் தாலி கட்டுவார். இரண்டே முடிச்சு. மூன்றாவது போட சாமிக்குக் கூடப்பிறந்தவள் யாரும் வந்ததில்லை, மறுநாள் காலையில் அறுக்கப் போகிற கயிறுதானே என்று யாரும் அதை யோசித்ததும் இல்லை.

எங்கள் ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. திருவிழா நடக்கும்போது அவர்களுக்கு வீட்டைத் திறந்துவிடுவோம், கன்னத்தைத் தொட்டு திருஷ்டி கழிப்போம், பிள்ளையை அவர்கள் மடியில் போட்டு வாழ்த்தச் சொல்வோம். திருவிழா முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவோம். ஆடி மாசத்தில் அவர்களில் ஒருத்தி தண்ணீர் கேட்டு வந்தால் நாங்கள் கூப்பிடுகிற பெயரை இங்கே எழுதினால் பேப்பர் கூசும்.

அப்படி வருகிறவர்களில் ஒருத்தி கோகிலவாணி, கடலூர் பழைய டவுன்காரி. அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளுக்குச் சமைப்பது அவள் தொழில், அவள் கையால் வைத்த சாம்பாருக்காகவே முகூர்த்தத் தேதியை மாற்றி வைத்த வீடுகள் உண்டு, ஆனால் தகரக் கொட்டகைக்குப் பின்னால் அண்டாப் புகைக்குள் இருந்து அவள் கேட்டதெல்லாம் மேளச் சத்தம்தான், ஒரு தாலி ஏறுவதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. மேடைப் பக்கம் அவள் தலை தெரியக் கூடாது என்று ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுவார்கள். ஆகவே வருஷத்தில் ஒரு நாள் தான் மணப்பெண்ணாக நிற்பதை அவள் விட்டதே இல்லை.

அந்த வருஷம் கூட்டத்தில் இடிபட்டுப் பூசாரி அவசரமாகக் கட்டிய கயிறு அவள் கழுத்தில் நழுவிக்கொண்டே வந்தது. வளையல் கடைக்கு வந்து பின்கொசுவம் கட்டிய பச்சையம்மாளைப் பார்த்து, "எம்மா, இந்தக் கவுத்த கொஞ்சம் பாரு, அவுந்துக்குது" என்றாள். பச்சையம்மாள் ஒரு பக்கம் வளையல் கேட்டவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இவள் ஜடையை ஒதுக்கினாள், கயிற்றை இழுத்து இறுக்கி மூன்றாவதாக ஒரு முடிச்சு போட்டாள், தம்பி பெண்டாட்டிகளுக்குச் செய்தது போலவே முடிச்சின் மேல் குங்குமத்தை வைத்து அழுத்தினாள், அழுத்தும்போது வாய் தன் பாட்டுக்கு, "போயி நல்லா வாழு" என்றது. பிறகு வளையல் கேட்டவளிடம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் தேர் அழுகளத்துக்கு வந்தது. அழுகளம் என்பது ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டல், சாமி சாகிற இடம். சாமியின் முகம் மரம், உடம்பு வைக்கோல், தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் முளை. பூசாரி முளையை உருவுவார், தலை இறங்கும், அந்த நிமிஷம் பொட்டல் முழுக்க ஒப்பாரி எழும், தாலிகள் அறுபடும், வளையல்கள் உடையும், பட்டுக் கட்டியிருந்தவர்கள் குளித்து வெள்ளை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒப்பாரி எழுந்துவிட்டது, தாலிகளும் அறுபட்டுவிட்டன, முளை மட்டும் வரவில்லை. தணிகாசலம் இழுத்தார், அவர் மகன் இழுத்தான், தேர் இழுத்த வாலிபர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். சாமி தன் பெரிய விழிகளால் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

கடலூர்த் திருநங்கைகள் ஒரே குடும்பமாகக் கூடி வாழ்கிற ஜமாத்துக்குத் தலைவி ஜரீனாம்மா. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. ஏற்கெனவே தாலி அறுத்துக்கொண்டு தலைமுடியை விரித்து உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"எவ கழுத்துலயோ கவுறு நிக்கிதுடி. அது நிக்கிற வரைக்கும் இவரு எப்படிப் போவாரு?"

தேடினார்கள். பூசாரியின் அரிவாள் கோகிலவாணியின் கயிற்றின் மேல் வழுக்கி வழுக்கிப் போனது, கல்லில் தீட்டிக்கொண்டு வந்து வைத்தபோதும் வழுக்கியது. ஜரீனாம்மா அவள் பின்கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு முடிச்சு!" என்றாள். போட்டது யார் என்று கேட்டார்கள், வளையல் கடைக்காரி என்றாள் கோகிலவாணி. பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அவுந்து வுழுந்துச்சு, முடிஞ்சி வுட்டன். இது ஒரு குத்தமா? உங்க பூசாரிக்கு ஒழுங்கா ஒரு முடிச்சு போடத் தெரியல, என்னக் கேக்க வந்துட்டீங்க" என்றாள் பச்சையம்மாள்.

"நீ போட்டத நீதான் அவுக்கணும். நாத்தனா முடிச்ச வேற கை அவுக்க முடியாது" என்றார் தணிகாசலம்.

பச்சையம்மாள் கையை நீட்டினாள். கோகிலவாணி முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "வருஷா வருஷம் விடிஞ்சதும் அறுத்துடறீங்க. ஒரு நாளு வுடுங்களேன். ஒரே ஒரு நாளு நானும் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறன்."

அவள் கேட்ட விதத்தில் பச்சையம்மாளின் நீட்டின கை தானாக மடங்கிவிட்டது. அதற்குள் சாமி தேரைவிட்டு இறங்கினார். மாலைகள் சரசரக்க, வைக்கோல் உதிர உதிர நடந்து வந்து கோகிலவாணிக்குப் பின்னால், கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைகள் நிற்பது போல என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தணிகாசலம் கற்பூரம் காட்டினார். வேறு என்ன செய்வது?

அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு கடலூர் போகத்தான் பார்த்தாள். பஸ் வாசலில் கிரீடம் இடித்தது. கண்டக்டர் நல்ல மனுஷன், பின்வாசலிலும் முயற்சி பண்ணச் சொன்னார், அங்கேயும் இடித்தது, சாமியைக் கூரைமேல் ஏற்றுவது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். பச்சையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வா வூட்டுக்கு. மல்லாட்ட கொட்டற ரூம்பு சும்மாத்தான் கெடக்குது. கட்டி வச்சவ நானு, தெருவுல வுட முடியுமா?"

"ஜனங்க எதாச்சும் சொல்லுவாங்களே" என்றாள் கோகிலவாணி.

"எவ சொல்றது? என் தம்பி பொண்டாட்டி, என் வூட்டுக்கு வர்றா."

சாமி அண்ணனா தம்பியா என்று ஒரு வழக்கு அன்றைக்கே எழுந்தது. காலங்காலமாக இருக்கிறவர், மீசை வேறு அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அண்ணன்தான் முறை என்றார்கள் பெரியவர்கள். "மீச இருந்தா பெரியவனாயிடுவானா? வயசாவறதுக்கு முன்னாலயே செத்துப்போறவன், அவன் எனக்குத் தம்பிதான்" என்று பச்சையம்மாள் தீர்த்துவிட்டாள். ஆகவே அவள் கோகிலவாணியை டீ போட்டாள், புருஷனுக்கு அக்கா என்ற முறையில் கோகிலவாணி அவளை அண்ணி என்று கூப்பிட்டாள்.

ஒரு நாள் கேட்டவள் மறுநாளும் ஒரு நாள் கேட்டாள், அதற்கு மறுநாளும். சித்திரை போய் வைகாசி வந்தது. சாமி அந்த அறையில் சுவரில் சாய்ந்து, கிரீடம் உத்தரத்தில் படாமல் தலையைச் சற்றுக் குனிந்து உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அவர் முழங்காலில் சறுக்கி விளையாடினார்கள், கோழிகள் அவர் விலாவில் வைக்கோலை ஒதுக்கி முட்டை வைத்தன. கோவிலில் விளக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று யோசித்த தணிகாசலம், தூக்குவாளியில் எண்ணெய் எடுத்துக்கொண்டு மல்லாட்டை அறைக்கே வந்து ஏற்றிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். பால்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாத பால் கொண்டுவந்தார். எங்களுக்கெல்லாம் அது முதல் வாரம் ஆச்சரியமாக இருந்தது, இரண்டாவது வாரம் பெருமையாக இருந்தது, அப்புறம் அது தெருவில் இன்னொரு குடித்தனம், அவ்வளவுதான்.

சாமி அதிகம் பேசமாட்டார். விடிந்ததும் கண்ணைத் திறந்து கோகிலவாணியைப் பார்த்து, "இன்னிக்கா?" என்று கேட்பார். சாகிற நாள் இன்றைக்கா என்று அர்த்தம். "இன்னிக்கு இல்ல" என்பாள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டு அவள் வைத்த கூழைக் குடிப்பார். ஒவ்வொரு காலையும் கேட்டார், ஒவ்வொரு காலையும் அவள் அதையே சொன்னாள், சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு வந்த வாழ்வு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். சாகவே சாகாத புருஷனைக் கட்டிக்கொண்டவள் உலகத்தில் யார் இருக்கிறாள்? முதலில் மேலத்தெருவில் ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். பிறகு புதுமனை புகுவிழாவுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். ஆவணியில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம், அந்த வீட்டில் அவள் ஏற்கெனவே சமைத்திருக்கிறாள், பழக்கத்தில் நேராகக் கொட்டகைப் பக்கம் போனவளை மணப்பெண்ணின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க இன்னாத்துக்குப் போற? மேடைக்கு வா தாயி. நீ தொட்டுக் குடுத்துத்தான் தாலி ஏறணும்."

கோகிலவாணி மேடை ஏறினாள். தட்டில் இருந்த தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுக்கும்போது அவள் முழங்கை பட்டுத் தட்டிலிருந்த அரிசி சிதறியது, அதையும் நல்ல சகுனம் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து பச்சையம்மாளிடம், "அண்ணி, எம்மாங் கல்யாணத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கன், தாலி கட்டறப்ப பொண்ணு தலையக் குனிஞ்சிக்கும்னு இன்னிக்குத்தான் அண்ணி பாத்தன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பச்சையம்மாள் அவள் கூந்தலில் ஒட்டியிருந்த அட்சதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

எல்லாருக்கும் நன்றாகத்தான் இருந்தது. கடலூர்க்காரர்களுக்குத்தான் இல்லை.

மாசி மாசத்தில் ஜரீனாம்மா வந்தாள், கூட அவள் ஜமாத்துப் பெண்கள், எல்லாரும் வெள்ளைப் புடவையில். கோகிலவாணி ஓடிப்போய் "பாம்படுத்தி" என்று ஜரீனாம்மா காலைத் தொட்டாள், அவள் "ஜீயோ" என்று தலையில் கை வைத்தாள், அது அவர்களுக்குள் வணக்கமும் பதிலும். உள்ளே சாமி உட்கார்ந்திருப்பதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெட்கப்பட்டாள், இன்னொருத்தி அழுதாள். அவர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் புருஷன், தாலி அறுத்துக்கொண்டவர்களுக்கு எதிரே உயிரோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

கோகிலவாணி முதலில் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, முருங்கைக்கீரை. கை கழுவின பிறகு ஜரீனாம்மா பேசினாள்.

"ஒன் சந்தோசத்துல மண்ணப் போட வரலடி நானு. ஆனா எங்க கதையக் கேளு. தாலிய அறுத்துட்டம், அதால கலரு கட்ட முடியாது. புருசன் சாவல, அதால காரியம் பண்ணி வெள்ளையக் கழட்டவும் முடியாது. பத்து மாசமா இப்புடியே கெடக்கறம். கடத்தெருவுல வாழ்த்தப் போனா, வெள்ளப் பொடவையோட வந்து வாழ்த்துனா வெளங்குமான்னு வெரட்றான். கொழந்தய யாரும் கையில குடுக்கறதில்ல. கைதட்டுனா நாய்தான் திரும்பிப் பாக்குது."

"நான் என்னம்மா பண்ணுவன்?"

"நீ என்ன பண்ணணும்னு ஒனக்கே தெரியும். சித்திர வருது. உசுரோட ஒருத்திக்குப் புருசனா இருக்கறவர எவ கட்டுவா? தேரு கட்ட மாட்டன்னு பூசாரி சொல்லிட்டாரு. இவளப் பாரு."

மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மோனிஷா என்று பெயர், கூட்டத்தில் அவள் மட்டும் வெள்ளை கட்டவில்லை, பாவாடை தாவணியில் இருந்தாள், அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. போன வருஷம்தான் அறுவை சிகிச்சை முடிந்து, ஜமாத்தில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றிச் சடங்கு செய்து அவளைப் பெண்ணாக்கியிருந்தார்கள்.

"எங்க வூட்ல நான் செத்துப்போயிட்டன்னு கருமாதியே பண்ணிட்டாங்க" என்றாள் மோனிஷா. "படத்துக்கு மால போட்டுட்டாங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கல்யாணப் பொண்ணா உக்காந்துட்டன்னா போதுங்க்கா. அதுக்கப்பறம் என்ன வந்தாலும் தாங்கிக்குவன்."

கோகிலவாணிக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வார்த்தையையே இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டால் கோபம்தான் வரும்.

"எனக்கு மட்டும் எவ குடுத்தா? இத்தினி வருசம் பொகையில நின்னு கண்ணு அவிஞ்சி போச்சி எனக்கு. இப்பத்தான் நாலு பேரு தாயின்னு கூப்புடறாங்க. அவுத்துட்டா நாளைக்கே அதே கொட்டாய்தான், அதே அண்டாதான். போங்க எல்லாரும்."

அவர்கள் போனார்கள். வெயிலில் வெள்ளையாக வரிசையாக வரப்பின் மேல் நடந்து போவதை அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள், பச்சையம்மாள் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் விடிந்தது. "இன்னிக்கா?" என்றார் சாமி.

கூழ்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் அவர் வைக்கோல் பூத்துப்போய் இருந்தது, மாலைகள் நாராகியிருந்தன, மீசையின் கறுப்பு பல இடத்தில் உதிர்ந்து மரம் தெரிந்தது. பத்து மாசமாக அதையெல்லாம் அவள் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒனக்குப் போவணும்னு இருக்குதா?" என்று கேட்டாள்.

சாமி யோசித்தார். அவர் யோசிக்கும்போது வைக்கோலுக்குள் காற்று புகுந்தது போல ஒரு சத்தம் வரும்.

"சண்ட நின்னுபோச்சி. அந்தப் பக்கம் ஒரு சேன, இந்தப் பக்கம் ஒரு சேன, யான, குதுர, அம்ப இழுத்துப் புடிச்ச கையி, எல்லாம் அப்புடியே நிக்குது. நான் போனாத்தான் ஆரம்பிக்கும். ஆரம்பிச்சாத்தான் முடியும், அவனவன் வூட்டுக்குப் போவான்." கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். "எனக்கு ராத்திரிச் சோறு ஒண்ணுதான் தெரியும். காலையில சாப்புடுவாங்கன்றதே ஒன்னாலதான் தெரிஞ்சிது. இந்தக் கூழு நல்லா இருக்குது."

கோகிலவாணி அவர் வைக்கோல் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவரை நேசித்தாள், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, முன்பெல்லாம் சாமியாக நேசித்தாள், இப்போது உப்பு கொஞ்சம் கூடினாலும் முகம் சுளிக்காமல் குடிக்கிற ஒரு ஆளாக நேசித்தாள். அதனால்தான் எழுந்து பச்சையம்மாளிடம் போனாள்.

பச்சையம்மாள் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, திருவிழா அன்னிக்கி வந்து அவுத்து வுட்டுடுங்க."

"முடியாது" என்றாள் பச்சையம்மாள் நிமிராமலே. "என் தம்பிய நானே சாவடிக்கணுமா? அத வுடு. ஒன்ன இந்த ஊரு அப்பறம் எப்புடிப் பாக்கும்னு தெரியுமாடி ஒனக்கு? நான் இந்த ஊருல பொறந்தவ. இவங்க ஒவ்வொருத்தன் லட்சணமும் எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும் அண்ணி."

பச்சையம்மாள் களைவெட்டியைக் கீழே போட்டாள். இருவரும் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் அழுதார்கள், நடுவில் ஒருமுறை பச்சையம்மாள் பூசாரியைத் திட்டினாள், கோகிலவாணி சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

சித்திரையில் தேர் கட்டினார்கள். மூத்த பெண்டாட்டியின் சம்மதம் இல்லாமல் சாமிக்கு மறுதாலி ஆகாது என்பதால் கோகிலவாணியே எல்லாம் செய்தாள், சாமிக்குப் புது வைக்கோல் வைத்துக் கட்டினாள், மீசைக்குக் கறுப்பு தீட்டினாள், மோனிஷாவை மனையில் உட்கார வைத்து மஞ்சள் பூசினாள், சேலை கட்டிவிட்டாள், கொசுவம் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை பிரித்து மடித்தாள். ஜமாத்துப் பெண்கள் அன்றைக்கு ஒரு பொழுதுக்கு வெள்ளையைக் களைந்து பட்டு கட்டினார்கள். பொழுது சாய்ந்தபோது தணிகாசலம் தாலி கட்டினார், இரண்டு முடிச்சோடு ஜாக்கிரதையாக நிறுத்திக்கொண்டார். மோனிஷா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்படி ஒரு மணப்பெண்ணை எங்கள் ஊர் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

விடிந்தது. "இன்னிக்கா?" என்றார் சாமி.

"இன்னிக்குத்தான்" என்றாள் கோகிலவாணி, இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்து. கிண்ணத்தில் கூழ் இருந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை தேர் காத்திருந்தது.

அழுகளத்தில் பச்சையம்மாள் வந்து அவள் பின்கழுத்தில் கை வைத்தாள். ஒரு வருஷம் வியர்வையும் மஞ்சளும் ஊறின முடிச்சு, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. அது அவிழ்ந்ததும் பச்சையம்மாள் விறுவிறுவென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. தணிகாசலம் அரிவாளை வைத்தார், கயிறு அறுந்தது. மூங்கில் முளை கைக்கு வந்தது. தலை இறங்கியது.

ஒப்பாரி எழுந்தது. மற்றவர்கள் வழக்கமாகப் பாடுகிற பாட்டு, ராசாவே, சூரனே, ரத்தம் கொடுத்த மகராசனே என்று. கோகிலவாணி அதைப் பாடவில்லை. "கூழு ஆறிடும்னு சொன்னா ஊதி ஊதிக் குடிப்பியே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். "கோழி முட்ட வச்சா அசையாம ஒக்காந்திருப்பியே, குனிஞ்சி குனிஞ்சி கழுத்து வலிக்கிதுன்னு ஒரு நாளும் சொல்லலியே" என்று அழுதாள். அதைக் கேட்டு மற்றவர்கள் ஒப்பாரி நின்றுபோனது. வருஷா வருஷம் செத்தது சாமி. அன்றைக்குச் செத்தது ஒரு வீட்டு ஆம்பிளை.

பிறகு கூட்டம் கலைந்தது. அவளை மேடைக்கு இழுத்துக்கொண்டு போன அந்த மணப்பெண்ணின் அம்மாவும் வந்திருந்தாள், இவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்தவள் சட்டென்று சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனாள். வைகாசியில் முகூர்த்தம் வைத்து இவளைக் கூப்பிட்டிருந்த ஒருவர், எதிரே வந்துவிட்டோமே என்று குனிந்து செருப்பு வாரை வெகுநேரம் சரி செய்தார். பால்காரர் பார்க்காதது போல சைக்கிளை மிதித்தார். எங்கள் ஊர் எங்கள் ஊராக ஆகிவிட்டது. அவள் தலையை நிமிர்த்தி ஒவ்வொருவராகப் பார்த்தாள், பச்சையம்மாளை மட்டும் காணோம். கடைசியில் அவளும் அவ்வளவுதான் போல என்று நினைத்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்துவது முறை. அழுகளத்தில் அதற்கு வழி இல்லை, பிறந்த வீடு என்று சொல்லிக்கொண்டு அங்கே யாருக்கும் யாரும் வரப் போவதில்லை. அதனால் அவரவர் வெள்ளைப் புடவையை அவரவரே கடையில் வாங்கி வைத்திருப்பார்கள், தங்கள் கோடியைத் தாங்களே போர்த்திக்கொள்வார்கள். மோனிஷா தன்னுடையதைப் பிரித்துவிட்டாள். கோகிலவாணியும் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

அப்போது பொட்டலின் அந்த முனையில் பச்சையம்மாள் வந்தாள். தலை குளித்து, ஈரத் தலையோடு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கலைந்து போகிற கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்தாள். தாம்பாளத்தில் பாக்கு நிறத்தில் ஒரு புதுப்புடவை இருந்தது. தணிகாசலம் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"இன்னா பச்சையம்மா, மொற தெரியாம பண்ற? நீ புருசன் வூட்டு ஆளு. நாத்தனா கோடி போடக்கூடாது. அது பொறந்த வூட்டுலேர்ந்து வர்றது."

"முடிச்ச அவுத்தனே, அப்பவே நாத்தனா போயிட்டா" என்றாள் பச்சையம்மாள். "இது பொறந்த வூட்டுக் கோடிதான்."

"எந்தப் பொறந்த வூடு?"

"என் வூடு. என் அப்பன் வூடு. இன்னும் இன்னா கேக்கணும் ஒனக்கு? தள்ளு."

போனவர்கள் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பச்சையம்மாள் கோகிலவாணியின் எதிரே உட்கார்ந்தாள், அவள் மடியில் இருந்த வெள்ளையை எடுத்துத் தூரப் போட்டாள், புதுப்புடவையைப் பிரித்து அவள் தலையோடு போர்த்தினாள்.

"இனிமே என்ன அண்ணிகிண்ணின்னு கூப்புடாத" என்றாள்.

கோகிலவாணி புடவைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். "அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் மடியில் விழுந்தாள், அழுதாள், இந்த அழுகை கூத்தாண்டவருக்காக இல்லை. அப்பன் அடித்து விரட்டிய அன்றைக்குத் தெருமுனையில் நின்று அழ வேண்டிய அழுகை, அழ ஒரு மடி இல்லாமல் இத்தனை வருஷம் அவளோடு ஊர் ஊராக வந்திருந்தது.